வச்சிரம் காய்ச்சிய அடுப்பு

வியாழக்கிழமை மத்தியானம் அடுப்பங்கரையிலிருந்து டொப்பென்று ஒரு சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே கம்பிகள் எல்லாம் சேர்ந்து முனகின. நான் புறவாசலில் கொடித்துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கிழக்கே வானம் கறுத்து இடி உருண்டது. துணியோடு உள்ளே ஓடினேன். அண்ணன் பெண்சாதி, என் மைனி, அடுப்புக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் தலைக்கு மேலே, புகை படுகிற பரண் கயிற்றில், புளிப் பானைக்கும் விதைப் பீர்க்கங்காய்க்கும் நடுவே அண்ணனின் கிதார் தொங்கியது.

"என்ன மைனி?"

"தெரியலயே பகவதி. தன்னால வெடிச்சுது."

முக்காலி போட்டு இரண்டு பேருமாக இறக்கினோம். அதன் உடம்பு, காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது. வீணையில் குதிரை என்பார்களே, கம்பிகளைத் தாங்குகிற கட்டை, கிதாரிலும் அப்படி ஒன்று உண்டு. அது மேல்பலகையை விட்டு முக்கால்வாசி பெயர்ந்து வாயைப் பிளந்திருந்தது. கம்பிகள் தொளதொளத்துக் கிடந்தன. மைனி கட்டையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். விரலை எடுத்ததும் மறுபடியும் எழும்பிக்கொண்டது.

"திங்கக்கெழமை பரீச்சையாச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

மைனிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அண்ணன் சொன்ன ஒரு பேச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து சாலைக் கடைத் தெருவுக்குப் பின்னாலிருக்கிற எங்கள் சந்தில் எதுவும் காயவில்லை. உப்பு நீர்விட்டது. தீக்குச்சி உரசினால் மருந்துதான் உதிர்ந்தது. சாயங்காலம் கிதாரை எடுத்து மீட்டிப் பார்த்த அண்ணன், "சவம், நமுத்த அப்பளம் மாதிரில்லா கேக்குது" என்று கீழே வைத்தான். அதைக் கேட்டுக்கொண்டே மைனி தோசை சுட்டாள். அவள் ஊர் தாழக்குடி. அங்கே அவள் வீட்டில் சுரைக்குடுக்கையை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுத்தான் காய வைப்பார்கள். புகை குடிக்கக் குடிக்க, தட்டினால் கிண்ணென்று கேட்குமாம். புதன்கிழமை அண்ணன் பொன்முடிக்குப் போனதும், அவன் திரும்பி வருவதற்குள் கிதாரையும் கிண்ணென்று ஆக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

அண்ணன் தாணுமாலயன் வேலை பார்த்த பழவங்காடி ஜவுளிக்கடையை ஓணம் முடிந்ததும் மூடிவிட்டார்கள். அப்பா குற்றாலலிங்கம் பிள்ளை சாலையில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். முதலாளியைப் பிடித்து, பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் ஆள் பேர் எழுதுகிற வேலை ஒன்றை அண்ணனுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதைப் பார்த்து வரத்தான் அண்ணன் புதன்கிழமை போயிருந்தான். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் பாதி அறை கொடுப்பார்கள். பஸ் எப்போதாவது வரும். மாசமாயிருக்கிற பெண் அந்த வளைவுகளில் ஏறமுடியாது. மைனிக்கு அப்போது ஐந்தாம் மாசம். போன வருஷம் ஒன்று தங்காமல் போய்விட்டது. புருஷன் ஊரில் இல்லாத கர்ப்பிணி பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணன் தோட்டத்துக்குப் போனால், தாயில்லாத அவள் தாழக்குடியில் சித்தியிடம்தான் போய் இருக்க வேண்டும். அந்தச் சித்தி ஒரு வாய் சோறு போட்டால் ஒன்பது வாய் சொல்வாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணனுக்கு வேறு ஒரு வழியும் இருந்தது. ரேடியோ நிலையத்தில் மெல்லிசைக்குக் கிதார் வாசிக்க ஆள் தேடினார்கள். திங்கள்கிழமை வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பாளையத்துச் சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், ஒருவர் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சீமைக்குக் கப்பலேறும்போது இந்தக் கிதாரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திங்கள்கிழமை அது பாடினால் அண்ணன் வீட்டில் இருப்பான். பாடாவிட்டால் அடுத்த புதன்கிழமை மலை பஸ்ஸில் இருப்பான்.

"மைனி, சொல்லாண்டாம். எலி சாடித் தள்ளிட்டுன்னு சொல்லுவோம்."

"எலி சாடினா மரம் சுடுமாட்டி? நான்தான் செஞ்சேன். நான்தான் சொல்லுவேன்."

எனக்கு அண்ணனிடம் பயம் இல்லை, அப்பாவிடம்தான். அவர் கையை ஓங்குகிறவர் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார். போன வருஷம் மைனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒரு மாசம் யாரிடமும் பேசவில்லை. அது மைனி மேல் கோபமா, சங்கடமா என்று அம்மைக்கே தெரியவில்லை. 'வாங்க மாமா, சாப்பிடுங்க' என்று மைனி வாசலில் நிற்பாள். அவர் இலை முன்னால் உட்கார்ந்து, பார்க்காமல் சாப்பிட்டு, எழுந்து போவார். அந்த ஒரு மாசத்தில் மைனி அரை ஆளாகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் அண்ணன் தொப்பலாக நனைந்து வந்தான். கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வடிந்தது. அம்மை சுண்ணாம்பு தேடப் போனாள். அவன் தலையைத் துவட்டி முடிக்கவில்லை, மைனி கிதாரைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டாள்.

"காயட்டும்னு அடுப்புக்கு மேல தொங்கப் போட்டேன். கெட்டுப் போச்சு. நான்தான்."

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். கட்டைக்கு அடியில் நகத்தை விட்டான். தட்டினான்.

"கம்பியை லூஸ் பண்ணினியா, தொங்கப் போடும்போது?"

"இல்ல. எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"நான் போறப்போ லூஸ் பண்ணிட்டுப் போயிருக்கணும். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். கம்பி ஆறும் சேந்து இழுக்குத இழுப்பு ஒரு ஆளைத் தூக்கிப் போடும் பாத்துக்கோ. அதுகூட சூடு தட்டினா பசை இளகிடும். இளகினா விடும்." அவன் கட்டையின் அடிப்பக்கத்தைக் காட்டினான். "பலகை கிழியல. பசைதான் விட்டிருக்கு. பகவானே, பலகை கிழியல."

மைனி அப்போதுதான் அழுதாள்.

"அழாத சிவாமி. இது ஒன்ன மாதிரிதான். சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. இழுத்துக் கெட்டியே வச்சாலும் ஆகாது."

"கிண்டலு பண்ணுதியளா இப்போ?"

"பின்ன நானும் ஒங்கூட இருந்து அழவா?"

சந்தின் கடைசியில் வேலாயுதன் ஆசாரியின் பட்டறை. நானும் அண்ணனும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனோம். மலையாளத்துக்காரரான ஆசாரி கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடோ தாணு, ஞான் கட்டிலும் கசேரையும் செய்யுன்ன ஆளாணு. இது பொட்டிப் போயால் என்னெ பறயருது, கேட்டோ." உடைந்தால் தன்னைச் சொல்லக்கூடாதாம்.

"நீங்க ஒட்டாண்டாம் ஆசாரி. வச்சிரம் தந்தாப் போதும். நான் ஒட்டிக்கிடுதேன்."

ஆசாரி ஒரு காகிதப் பொட்டலத்தில் பழுப்பாய், கண்ணாடி மாதிரி நாலைந்து துண்டுகளைப் போட்டுக் கொடுத்தார். தோலை வேகவைத்து எடுக்கிற பசை அது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வேண்டும். வெந்நீர் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் காய்ச்ச வேண்டும். கொதிக்க விடக்கூடாது.

"இவிடெ காய்ச்சிக் கொண்டு போயால் வழியில் தணுக்கும். தணுத்தால் பின்னெ பிடிக்கில்ல. ஒட்டுன்ன இடத்துத் தன்னெ தீ வேணம்." ஆறினால் பிடிக்காது, ஒட்டுகிற இடத்திலேயே தீ வேண்டும் என்றார்.

"பொறவாசல்ல வச்சுக் காய்ச்சட்டா?"

"ஈ மழையிலோ? காற்று தட்டான் பாடில்ல. அடுக்களையில் செய்யெடோ." காற்றுப் படக்கூடாது, அடுக்களையிலேயே செய் என்று சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நாங்கள் சைவ வேளாளர் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வராது.

அதோடு அது கந்த சஷ்டி. அம்மை ஆறு நாள் விரதத்தில் இருந்தாள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், சாயங்காலம் ஒரு பழமும் கொஞ்சம் பாலும். மைனி வயிற்றில் இருக்கிற பிள்ளை தங்க வேண்டும் என்று முருகனிடம் நேர்ந்துகொண்ட விரதம் அது. காலையில் குளித்து, ஈரப்புடவையோடுதான் அந்த அடுப்பைப் பற்றவைப்பாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அண்ணன் விஷயத்தைச் சொன்னான். அம்மை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தோலா?"

"தோலுதான் அம்மா. வேற பசை பிடிக்காது."

அம்மை பதில் சொல்வதற்குள் மைனி குறுக்கே வந்தாள். அவள் அப்படி வருவதே இல்லை.

"வேண்டாம் அத்தை. அந்த அடுப்புல வேண்டாம். எம்பிள்ளைக்குன்னு நீங்க பட்டினி கெடக்கிய. நான் தாழக்குடிக்கே போறேன். இவரு மலைக்குப் போட்டும். ஒண்ணு போனது போரும்."

அம்மை திரியை நுனி விரலால் திருகி எண்ணெயில் போட்டாள்.

"எளா, முருகன் ஆரைக் கெட்டினான்?"

"வள்ளியை."

"அவ ஆருக்க மக?"

"வேடக்குடி..."

"அவ வீட்டு அடுப்புல தெனந்தெனம் புட்டும் பயறுமா வெந்திருக்கும்? அதெல்லாம் பாக்காமலா அவன் கெழவன் வேசம் கெட்டிப் போயி நின்னான்? தேனும் தெனைமாவும் கேட்டு வாங்கித் தின்னவன். அவனுக்கு இல்லாத ஆசாரம் ஒனக்கு எதுக்குட்டி?"

"இருந்தாலும் அத்தை..."

"என் விரதம், எனக்குத் தெரியும். மகன் வீட்டுல இருந்தாத்தான் பிள்ளை வீட்டுல பொறக்கும். அடுப்பைக் கழுவினாப் போகாதா? மருமவளைத் தொலைச்சா எங்க போயிக் கழுவ?"

அண்ணன் சிரித்துவிட்டான். "அம்மா, சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இதுல கம்பி உக்காருத வெள்ளைத் துண்டு இருக்கு பாரு, அது எலும்பு."

அம்மை எழுந்தே விட்டாள். "ஏலே மூதி! போன மாசம் சரஸ்வதி பூசைக்கு நான்லா இதுக்குச் சந்தனம் தொட்டு வச்சேன்! விழுந்து கும்பிட்டேனேடா!"

"எலும்பு இருந்தாத்தான் சத்தம் தெளிவா எறங்கும். மரத்துண்டு வச்சா சத்தம் அதுலயே தங்கிடும்."

"தங்கட்டும், போ. எலும்பைக் கும்பிட வச்ச பய."

ஆனாலும் அவள்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் சட்டியையும் நெய்ச் செம்பையும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னாள். குண்டான் ஒன்றைப் புறவாசலிலிருந்து எடுத்துக் கொடுத்து, "இது இனி உள்ள வரப்பிடாது" என்றாள். மூக்கைப் புடவையால் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்து சஷ்டி பாடத் தொடங்கினாள்.

வச்சிரம் உருக உருக நாற்றம் எழும்பியது. நனைந்த செருப்பை நெருப்பில் போட்ட மாதிரி. மைனி இரண்டு முறை வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். இருந்தும் கிளறுவதை என்னிடம் தரவில்லை. "தேனு பதம் வரணும்னாருல்லா. எனக்குப் பாகு பதம் தெரியும்" என்றாள். அண்ணன் வெந்நீரில் துணியை நனைத்து, பலகையில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தான். பிறகு பலகையை அனல் படுகிற தூரத்தில் காட்டி லேசாகச் சூடாக்கினான்.

"இப்போ மட்டும் சூடு ஆகலாமோ?" என்று மைனி கேட்டாள்.

"கம்பி இல்லாம இருக்கும்போது ஆகலாம். இழுப்பு இல்லாதப்போ சூட்டால ஒண்ணும் செய்ய முடியாது."

பசையைத் தடவி, கட்டையை வைத்து அமுக்கினார்கள். அண்ணன் கிதாரின் வட்ட ஓட்டை வழியாக உள்ளே கையை விட்டு, பலகைக்கு அடியில் ஒரு மரத்துண்டு முட்டுக்கொடுத்தான். மேலே மடித்த துணி. துணிமேல் எங்கள் அம்மிக் குழவி. குழவி உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் பயறு மூட்டை வைத்தோம். கிதார் கட்டிலில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கல்லைச் சுமந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் சீக்கிரம் வருவார் என்பதை எல்லோரும் மறந்திருந்தோம். நடையிலேயே நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன நாத்தம்?"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். மைனி குண்டானைக் கீழே வைத்தாள். அம்மை பாடலை நிறுத்தினாள்.

"தோலு வேவுது" என்றாள்.

"எங்க?"

"நம்ம அடுப்புலதான். ஒட்டணும்."

அப்பா உள்ளே வந்து பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார். மைனியைப் பார்த்தாரோ என்னவோ. குடையை மறுபடியும் விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். பழவங்காடிப் பக்கம் சைவ ஓட்டலில் சாப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ராத்திரி வந்து, ஒரு சொல் பேசாமல், தரையில் பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் பேச்சு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரும் கட்டிலைத் தொடவில்லை. அம்மை சூரசம்ஹாரம் பார்க்கக் கோயிலுக்குப் போனாள். மைனி அடுப்பை மூன்று முறை சாணம் போட்டு மெழுகினாள். எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. குழவியை எடுத்தால் கட்டையும் கூட வந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

திங்கள்கிழமை காலையில் அண்ணன் குழவியை எடுத்தான். கட்டை அசையவில்லை. கம்பிகளை மாட்டினான். ஒவ்வொன்றாகக் கொஞ்சம் முறுக்குவான், நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான். மறுபடியும் கொஞ்சம் முறுக்குவான். பலகை எங்கேயோ மெல்லக் கிறீச்சிட்டது. மைனி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

"இதுக்கு மேல ஏத்தமாட்டேன்" என்றான் அண்ணன். "பசை இன்னும் பச்சை. சுருதி அரைக்கட்டை கீழதான் நிக்கும்."

மீட்டினான். பழைய சத்தம் இல்லை. கொஞ்சம் தாழ்ந்து, அகலமாக இருந்தது. நமுத்த அப்பளமும் இல்லை.

"அரைக்கட்டை கீழ இருந்தா என்ன செய்வாவ?" மைனி கேட்டாள்.

"மத்த வாத்தியத்தோட சேராது. போன்னு சொல்லுவாவ." கிதாரை மைனியின் பழைய நூல்சேலையில் சுற்றி, அதன் மேல் மெழுகுத் துணி சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு போனான்.

மத்தியானம் இரண்டு இடி இடித்து மழை கொட்டியபின்தான் வந்தான். "பசிக்குது" என்றான். அம்மை அப்போதுதான் விரதம் முடித்து இலை போட்டிருந்தாள். தாயும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் புளிக்கறியை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் தின்றான்.

"லே, சொல்லித் தொலையேன்."

"அங்க பஞ்சாபகேசன்னு ஒரு வயலின்காரரு. தஞ்சாவூர்க்காரரு. நான் ஒரு சுரம் மீட்டினதும் மூஞ்சியைச் சுளிச்சாரு. 'ஏன்டாப்பா, அரைக்கட்டை எறங்கியிருக்கே, ஏத்து'ன்னாரு. ஏத்த முடியாது, குதிரை விட்டுப்போயி முந்தாநாத்துதான் ஒட்டினேன்னேன். எப்படி விட்டுதுன்னாரு. அடுப்புக்கு மேல காயப் போட்டுட்டேன்னேன்."

"நீங்களா போட்டிய?" என்றாள் மைனி.

"பின்ன, பரீச்சைக்குப் போன எடத்துல பொண்டாட்டியைக் காட்டிக் குடுக்கவா? எல்லாவனும் சிரிச்சானுவ. அவரு சிரிக்கல. 'பச்சை ஒட்டு, இழுக்கப்படாது'ன்னு சொல்லிட்டுத் தன் வயலின் கம்பியை எறக்க ஆரம்பிச்சாரு. அதைப் பாத்து வீணைக்காரம்மாவும் எறக்கினா. குழல்காரரு பைக்குள்ள கையை விட்டு நீளமா வேற குழலை எடுத்தாரு. கிளாரினெட்டுக்காரருக்கு எறக்க வழியில்ல. டீ குடிக்கப் போயிட்டாரு. மத்த எல்லாரும் எனக்காக அரைக்கட்டை எறங்கி வந்து வாசிச்சாவ அம்மா."

அண்ணன் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணீரா மழைத்தண்ணீரா என்று தெரியவில்லை.

"எடுத்துக்கிட்டாவளா?" என்று அம்மை கேட்டாள்.

"புதன்கிழமை வரச் சொல்லியிருக்காவ. தெனமும் இல்ல. கூப்புடுதப்போ போணும். மாசத்துல ஒரு பத்து நாள் இருக்கும்."

புதன்கிழமைதான் மலை பஸ். அப்பா முதலாளியிடம் வாக்குக் கொடுத்த நாள். அம்மை கையைக் கழுவிவிட்டு, "அவரு வரட்டும்" என்றாள். அவள் குரலே சரியாக இல்லை. பட்டினி கிடந்த ஆறு நாளில்கூட அப்படிக் கேட்டதில்லை.

அப்பா விளக்கு வைத்தபின் வந்தார். அம்மை எல்லாவற்றையும் சொன்னாள். பத்து நாள் கணக்கையும் மறைக்கவில்லை. அவர் கால் கழுவினார். திருநீறு பூசினார். சாப்பிட்டார். மைனி பரிமாறினாள். மோர் ஊற்றும்போது இலைக்கு வெளியே சிந்தியது. அவர் எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அண்ணன் கூடத்து மூலையில், மைனிக்குக் கம்பியை எப்படித் தளர்த்துவது என்று காட்டிக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் ஒரே அடியா எறக்காத. இங்க ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பைய. வாசிச்சதும் கம்பியைத் துடைக்கணும். கை வேர்வை இருந்தா துரு ஏறும்." மைனி நாக்கைக் கடித்துக்கொண்டு முறுக்காணியைத் திருப்பினாள். சத்தம் இறங்கி இறங்கி ஓய்ந்தது.

"இனி இதை எங்க வைக்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அதுதான் பிரச்சினை. எந்த மூலையிலும் ஈரம்.

"பிள்ளே."

அப்பாவின் குரல். மைனி சடக்கென்று எழுந்து நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளை நேராகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"என்ன மாமா?"

"முதலாளிகிட்ட நான் காலைல பேசிக்கிடுதேன்." கையை நீட்டித் தலைமாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "அடுப்பங்கரைப் பக்கம் கொண்டு போகாதே. இந்தச் சுவரு உள்சுவரு. மழை தட்டாது."

கட்டில் தலைமாட்டில் ஒரே ஓர் ஆணிதான் இருந்தது. அவருடைய மண்டிச் சட்டை அதில் தொங்கியது. அப்பா எழுந்து சட்டையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஆணியை விட்டு ஒதுங்கி நின்றார்.